ஏ.பி.எல். என்னும் மரபணு

"மரபணுக் கோளாறு" என்று மருத்துவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் போதும், நம் வீடுகளில் பரம்பரைக் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றியவன் என்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "அவருக்கு சி.எம்.எல்.னு சொல்லிட்டாங்க சார். ரத்தப் புற்றுநோயாம், ஜீன்ல கோளாறாம். பொண்ணுக்கு வரன் பாக்கற நேரம். அவளுக்கும் வந்துடுமா?"

தந்தைக்கு இருப்பதால் மகளுக்கு இது வராது. காரணம் ஏ.பி.எல். என்ற மரபணுவில் இருக்கிறது.

நம் எல்லோருடைய உயிரணுக்களிலும், 9ஆம் குரோமோசோமில், இது உண்டு. இதிலிருந்து உருவாகும் புரதம் ஒரு சேதிக்காரன். சேதி வந்ததும், ஏ.டி.பி. என்ற பொருளிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கிள்ளி இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டும். வளர்வது, பிரிவது, நகர்வது போன்ற காரியங்களுக்கான கட்டளை அப்படித்தான் கைமாறுகிறது. வேலை முடிந்ததும் தன்னையே மடித்துக்கொண்டு அடங்கிவிடும். அடங்கத் தெரிவதுதான் அதன் பெருமை.

சி.எம்.எல். நோயில், எலும்பு மஜ்ஜையின் ஒரே ஒரு மூல உயிரணுவில், 9ஆம் 22ஆம் குரோமோசோம்கள் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. ஏ.பி.எல். போய் 22இல் உள்ள பி.சி.ஆர். என்ற மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. (கொரோனா நாட்களில் கேட்ட பி.சி.ஆர். பரிசோதனை வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிற சங்கடம்!) இந்த ஒட்டுப் புரதத்துக்கு அடங்கவே தெரியாது. வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகுகின்றன. குட்டையாகிப்போன அந்த 22ஐ 1960இல் பிலடெல்பியாவில் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் கண்டார்கள். அது இடமாற்றத்தின் விளைவு என்று 1973இல் காட்டியவர் ஜானெட் ரௌலி அம்மையார். பிறந்த பிறகு மஜ்ஜையில் நேர்ந்த விபத்து இது. கருமுட்டையிலோ விந்தணுவிலோ அது இல்லை. பிள்ளைக்குப் போக வழியும் இல்லை.

2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் மாத்திரை, ஏ.டி.பி. உட்காரும் குழியில் போய் உட்கார்ந்து அந்தப் புரதத்தை முடக்குகிறது. அதன் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அதனால் நம் நாட்டுக் கம்பெனி மாத்திரைகள் மிகக் குறைந்த விலையில் தொடர்ந்து கிடைக்கின்றன.

ஆனால் மாத்திரை புரதத்தைத்தான் கட்டிப்போடுகிறது, ஒட்டிய மரபணுவைப் பிரிப்பதில்லை. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று கோடை லீவில் ஊருக்குப் போகும்போது மாத்திரையை இங்கேயே விட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நோய் பல ஆண்டுகள் ஆழ்ந்து அடங்கியிருந்தால் சிலருக்கு மருத்துவரே நிறுத்திப் பார்ப்பதுண்டு. அதுவும் ஆரம்பத்தில் மாதாமாதம் ரத்தத்தில் அந்த ஒட்டு மரபணுவின் அளவைப் பார்த்தபடிதான்.