சார்புகளை எழுதவும் மாற்றவும் உதவும் கருவிகள்

மாணவர்களே! உபசெய்நிரல்கள் பற்றிய வினா வரும்போது பலர் வரைவிலக்கணத்தை மட்டும் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகின்றனர். "குறித்த ஒரு பணியைச் செய்வதற்காகப் பெயரிட்டு எழுதப்பட்ட கட்டளைத் தொகுதி சார்பு எனப்படும்" என்பது சரியான விடைதான். ஆயினும் சார்பு எதற்கு வேண்டும், எழுதி முடித்த சார்பொன்றை எவ்வாறு பாதிப்பின்றி மாற்றுவது என்பனவற்றை விளங்கிக்கொள்ளாதவர் செய்நிரலை வாசித்து வருவிளைவைக் கூறும் வினாவில் தடுமாறுவர். உயர்தரத்தில் பைதன் மொழியைக் கற்கச் செல்வோருக்கு இக்குறைபாடு மேலும் சிரமம் தரும். எனவே இப்பகுதியைச் சற்று விரிவாக நோக்குவோம்.

முதலில் ஒரு சார்பு

சம்மாந்துறையில் நெல் கொள்வனவு செய்யும் ஆலை ஒன்றிற்குச் செய்நிரல் எழுதுகின்றீர்கள் எனக் கொள்வோம். ஒரு மூடையின் நிறை, ஒரு கிலோகிராமின் விலை, மூடைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் தெரிந்தால் போடியாருக்குக் கொடுக்க வேண்டிய தொகையைக் கணிக்கலாம். இதனைத் தமிழிலேயே எழுதிப் பார்ப்போம். எழில் என்பது முத்தையா அண்ணாமலை என்பவர் உருவாக்கிய தமிழ்க் கணினி மொழியாகும். 2007 இன் இறுதியில் வேலை தொடங்கி, 2009 ஜூலையில் அறிவிக்கப்பட்ட இம்மொழியின் கட்டளைச் சொற்கள் யாவும் தமிழ்ச் சொற்கள். சார்பை அது நிரல்பாகம் என அழைக்கின்றது.

நிரல்பாகம் நெற்பெறுமதி(நிறை, விலை, மூடை)
    மொத்தம் = நிறை * விலை * மூடை
    பின்கொடு மொத்தம்
முடி

பதிப்பி நெற்பெறுமதி(65, 120, 20)

அடைப்புக்குறிக்குள் உள்ள மூன்றும் பரமானங்கள். பின்கொடு என்பது விடையை அழைத்த இடத்திற்குத் திருப்பி அனுப்பும் கட்டளை. பதிப்பி அதனைத் திரையிற் காட்டும். வருவிளைவு 156000 ஆகும். பாஸ்கலில் இதே வேலைக்குச் சார்பின் பெயருக்கே பெறுமானத்தை வழங்குவோம் என்பதை நினைவிற் கொள்க. இரண்டும் செய்வது ஒரே வேலையையே.

பெயரும் அழைப்பும் ஒன்றல்ல

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பின்னர் வருவன யாவும் இதன்மேலேயே நிற்பதால் நன்றாகக் கவனியுங்கள். அடைப்புக்குறியுடன் நெற்பெறுமதி(65, 120, 20) என எழுதினால் சார்பு அழைக்கப்படும். கிடைப்பது 156000 என்னும் எண். அடைப்புக்குறியின்றி நெற்பெறுமதி என்று மாத்திரம் எழுதினால் பைதன் போன்ற மொழிகளில் கிடைப்பது சார்பேயாகும். அது இன்னும் வேலை செய்யவில்லை. தையற்காரரைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவது வேறு, துணியைக் கொடுத்துத் தைக்கச் சொல்வது வேறு அல்லவா?

சார்பு ஒன்றை எண்ணைப் போலவே மாறியில் வைக்கலாம், இன்னொரு சார்புக்குப் பரமானமாகக் கொடுக்கலாம், ஒரு சார்பு இன்னொரு சார்பையே விடையாகத் திருப்பலாம். 1991 இல் கீடோ வான் ரோசம் வெளியிட்ட பைதன் மொழியில் இவையெல்லாம் இயலும். எழில் மொழியை இயக்கும் மென்பொருளும் பைதனிலேயே எழுதப்பட்டது. பைதன் 3 இல் மாறிகளுக்கும் சார்புகளுக்கும் தமிழில் பெயரிடலாம்; கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கும். ஆகவே இனி வரும் உதாரணங்களைத் தமிழ்ப் போலிக் குறிமுறையில் தருகின்றோம்.

சில பரமானங்களை முன்கூட்டியே நிரப்புதல்

ஆலையில் அன்று முழுவதும் மூடையின் நிறையும் விலையும் மாறாது. மூடைகளின் எண்ணிக்கைதான் ஆளுக்காள் மாறும். ஒவ்வொரு தடவையும் 65, 120 எனத் தட்டச்சு செய்வது வீண் வேலை என்பது மட்டுமன்று, எங்கேனும் ஓரிடத்தில் 102 எனத் தவறுதலாக இட்டால் யாரோ ஒருவருக்குப் பணம் குறையும். பைதனுடன் வரும் ஃபங்க்டூல்ஸ் என்னும் தொகுப்பில் இதற்கென பார்ஷல் என்ற கருவி உண்டு. 2006 இல் வெளியான பைதன் 2.5 இலிருந்து இது கிடைக்கின்றது.

இன்றையதொகை = பார்ஷல்(நெற்பெறுமதி, 65, 120)
இன்றையதொகை(20) ஐக் காட்டுக
இன்றையதொகை(7) ஐக் காட்டுக

வருவிளைவுகள் முறையே 156000, 54600. முதல் வரியில் நெற்பெறுமதி அடைப்புக்குறியின்றி வந்துள்ளதை அவதானித்தீர்களா? சார்பையே கொடுக்கின்றோம், அதன் விடையை அன்று. பார்ஷல் பெறுமானங்களை இடப்பக்கத்திலிருந்து வரிசையாக நிரப்பும். அதனாலேயே மாறாத இரண்டையும் முன்னே வைத்துச் சார்பை எழுதினோம். மூடையை முதலாவது பரமானமாக எழுதியிருந்தால் 65 என்பது மூடைகளின் எண்ணிக்கையாகிவிடும். வழுச் செய்தி எதுவும் வராது; இங்கே மூன்றையும் பெருக்குவதால் மட்டும் விடை மாறாது, கழித்தலோ வகுத்தலோ இருந்தால் விடை பிழைத்துவிடும். இத்தகைய தர்க்க வழுவே கண்டுபிடிக்க மிகவும் கடினமானது.

சார்புக்கு உறை போடுதல்

ஜனவரியில் பாடசாலை தொடங்கியதும் கொப்பிகளுக்கு உறை போடுகின்றோம். உள்ளே ஒரு தாளும் மாறுவதில்லை. ஆனால் கொப்பி பாதுகாப்பாக இருக்கின்றது. சார்புக்கும் அவ்வாறு உறை போடலாம்.

புள்ளியைக் கொடுத்தால் ஏ, பீ, சீ, எஸ், டபிள்யூ என்ற தரத்தைத் திருப்பும் தரம்(புள்ளி) என்ற சார்பு ஏற்கெனவே உள்ளது எனக் கொள்க. யாரோ 78 க்குப் பதிலாக 780 எனத் தட்டச்சு செய்கின்றார். 75 க்கு மேல் என்பதால் சார்பு எவ்விதச் சந்தேகமுமின்றி ஏ எனத் திருப்பிவிடும்! இதைத் தடுக்க ஓர் உறை எழுதுவோம்.

சார்பு உறை(உள்)
    சார்பு புதிது(புள்ளி)
        புள்ளி < 0 அல்லது புள்ளி > 100 எனில்
            "பிழையான புள்ளி" எனத் திருப்புக
        இல்லையேல்
            உள்(புள்ளி) ஐத் திருப்புக
    புதிது என்பதைத் திருப்புக

தரம் = உறை(தரம்)

கடைசி வரியிலேயே விடயம் இருக்கின்றது. பழைய தரம் என்னும் சார்பை உறைக்குள் அனுப்பி, திரும்பி வரும் புதிய சார்புக்கு அதே பெயரை இடுகின்றோம். செய்நிரலில் தரம்(...) என எழுதிய இடங்கள் ஐம்பது இருந்தாலும் ஒன்றையும் தொட வேண்டியதில்லை. 780 கொடுத்தால் இனிப் பழைய சார்பு வரை அது போகவே போகாது. உறையின் இறுதியில் புதிது என்ற பெயர் அடைப்புக்குறியின்றித் திருப்பப்படுவதைக் கவனிக்க. அங்கே புதிது() என எழுதினால் உறையிடும்போதே அது அழைக்கப்பட்டு, புள்ளி எதுவும் கொடுக்கப்படாமையால் வழு ஏற்படும்.

சார்பு மிக நீளமாக இருந்தால் கடைசி வரி எங்கோ கீழே மறைந்துவிடும். வாசிப்பவர் அதனைக் காணாமலே போகலாம். இதற்காகவே 2004 இல் வெளியான பைதன் 2.4 இல் சார்பின் தலைப்புக்கு மேலேயே @உறை என ஒரு வரியை இடும் வசதி சேர்க்கப்பட்டது. இதனை டெகரேட்டர் என்பர். பொருள் மேலே நாம் எழுதிய கடைசி வரியேதான். வேறு மாயம் ஒன்றுமில்லை. (எழில் மொழியிலும் @ குறி உண்டு. அங்கே அது நிபந்தனைக்கு முன்னால் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

உறை போட்ட கொப்பியில் ஒரு சிக்கல் எழும். எல்லாக் கொப்பிகளும் ஒரே கபில நிறமாகிவிடும். கணிதம் எது, வரலாறு எது எனத் தெரியாது. நாம் லேபல் ஒட்டுவது அதனாலேயே. சார்பிலும் இதே கதிதான். உறையிட்ட பின்னர் தரம் என்ற சார்பிடம் அதன் பெயரைக் கேட்டால் "புதிது" என்றே சொல்லும். நீங்கள் எழுதிய விளக்கக் குறிப்பும் மறைந்துவிடும். ஃபங்க்டூல்ஸில் உள்ள ராப்ஸ் என்னும் கருவி உள்ளே உள்ள சார்பின் பெயரையும் குறிப்பையும் உறையின்மேல் எழுதிவிடும், லேபல் ஒட்டுவதைப் போல.

ஐந்து வரியில் நீங்களே எழுதிய, ஓரிடத்தில் மட்டும் பயன்படும் சார்பாயின் உறை எதற்கு? நேரடியாகத் திறந்து திருத்துவதே நல்லது. ஒரே பரிசோதனை பல சார்புகளுக்கு வேண்டும்போதும், பிறர் எழுதிய சார்பை நாம் திருத்த முடியாதபோதும்தான் உறை பயன்தரும்.

விடைகளை நினைவில் வைத்தல்

பின்வரும் எழில் நிரல்பாகம் தன்னைத்தானே அழைக்கின்றது.

நிரல்பாகம் பிபொனாச்சி(ந)
    @(ந <= 1) ஆனால்
        விடை = ந
    இல்லை
        விடை = பிபொனாச்சி(ந - 1) + பிபொனாச்சி(ந - 2)
    முடி
    பின்கொடு விடை
முடி

பிபொனாச்சி(5) இன் விடை 5. இதற்கு எத்தனை அழைப்புகள் என ஒரு தாளில் கிளைபிரித்து வரைந்து பாருங்கள், 15 வரும். அவற்றுள் பிபொனாச்சி(1) மட்டும் 5 தடவை அழைக்கப்படுகின்றது. ஐந்துக்கு 15 என்றால் முப்பதுக்கு நூறளவில் இருக்கும் என எண்ணாதீர்கள். பிபொனாச்சி(30) இற்கு 2692537 அழைப்புகள் தேவை! கணினி மெதுவாக இருப்பதற்கு எப்போதும் கணினியே காரணமன்று.

ஒரு தடவை கண்ட விடையை எழுதி வைத்துக்கொண்டால் இவ்வளவு வேலை எதற்கு? மையச் செயன்முறை அலகுக்கு அருகே பதுக்கு நினைவகம் இருப்பதைப் படித்திருக்கின்றீர்கள். அதே எண்ணத்தைச் சார்புக்குப் பிரயோகிக்கும் உறைதான் எல்ஆர்யூ கேஷ் (பைதன் 3.2, 2011). மேலே உள்ளதைப் பைதனில் எழுதி இவ்வுறையை இட்டால் பிபொனாச்சி(30) இற்கு 0 முதல் 30 வரை 31 கணிப்புகளே நடைபெறும். சேமிக்கும் விடைகளின் எண்ணிக்கையை நாம் குறிப்பிடாவிடின் அது 128 ஆகும். இடம் நிரம்பினால், கடைசியாகப் பயன்படுத்தி மிக நீண்ட நேரமான விடை முதலில் நீக்கப்படும். எல்லையே இல்லாத கேஷ் என்னும் எளிய வடிவம் 2020 இல் பைதன் 3.9 உடன் வந்தது.

ஆனால் எல்லாச் சார்புக்கும் இவ்வுறை பொருந்தாது. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடையைத் தரும் சார்புக்கே இது ஏற்றது. ஆலையின் களஞ்சியத்தில் இப்போது எத்தனை மூடை உண்டு எனக் கோப்பிலிருந்து வாசிக்கும் சார்புக்கு இதனை இட்டால், மாலையிலும் காலைக் கணக்கையே காட்டிக்கொண்டிருக்கும். எழுமாற்று எண்ணைத் தரும் சார்பும், நேரத்தைச் சொல்லும் சார்பும் அவ்வாறே.

பயிற்சி

1. பாடு = பார்ஷல்(நெற்பெறுமதி, 70) என எழுதப்பட்டுள்ளது. பாடு(100, 10) இன் விடை யாது?

விடை: 70 × 100 × 10 = 70000. ஒரு பரமானமே நிரப்பப்பட்டதால் எஞ்சிய இரண்டையும் அழைக்கும்போது கொடுக்க வேண்டும்.

2. எண்ணி என்பது ஒரு சார்பு எத்தனை தடவை அழைக்கப்பட்டது என எண்ணும் உறை. பதுக்கு என்பது விடையை நினைவில் வைக்கும் உறை. தரம் என்னும் சார்பின் தலைப்புக்கு மேல் முதலில் @எண்ணி, அதன் கீழ் @பதுக்கு என இரு வரிகள் உள்ளன. தரம்(78) மூன்று தடவை அழைக்கப்பட்டால் எண்ணி காட்டும் எண் யாது? இரு வரிகளையும் இடம்மாற்றினால்?

விடை: சார்புக்கு மிக அருகில் உள்ள உறையே முதலில் போடப்படும், அதாவது அதுவே உட்புற உறை. முதலாவது அமைப்பில் எண்ணி வெளியே இருப்பதால் மூன்று அழைப்புகளும் அதனைக் கடந்தே செல்லும், விடை 3. இடம்மாற்றினால் பதுக்கு வெளியே வந்துவிடும். இரண்டாம், மூன்றாம் அழைப்புகளுக்கு அதுவே விடை சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவதால் எண்ணி காண்பது முதலாவது அழைப்பை மட்டுமே, விடை 1.