கோட்டைமேட்டில் கோடு எங்கே?

1993ஆம் ஆண்டில் சாமுவேல் ஹண்டிங்டன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். இனி உலகத்தில் மூளப்போகும் பெரும் சண்டைகள் நாகரிகத்துக்கும் நாகரிகத்துக்கும் இடையேதான் என்பது அவர் வாதம். 1996இல் அது பெரிய நூலாகவும் வந்தது. இந்து நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம், மேல்நாட்டு நாகரிகம் என்று பூகோளப் படத்தைப் பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டார் அவர். நல்லது. அந்தப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கோயமுத்தூருக்கு வருவோம்.

ராஜ வீதியிலே விஜயதசமி நாளில் சௌடேஸ்வரி அம்மன் திருவிழா. தேவாங்கர் குலத்து வாலிபர்கள் மார்பிலும் கையிலும் கத்தி போட்டுக்கொண்டு அம்மனை அழைத்து வருகிறார்கள். காயத்தின்மேல் மஞ்சள் பொடியை அப்பிக்கொள்வதோடு சரி. பல தலைமுறைகளுக்கு முன்னே தறியோடு இங்கே குடியேறிய இவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம். கத்தி போடும்போது தாயைக் கூவி அழைக்கும் சொற்களோ தெலுங்கு! தெருவின் இருமருங்கிலும் நின்று கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் தமிழர்.

முஸ்லிம்களிடத்திலும் இதே கதைதான். ராவுத்தர் வீட்டிலே தமிழ். தக்கினி முஸ்லிம் வீட்டிலே உருது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த மாப்பிள்ளைமார் வீட்டிலே மலையாளம். ஹண்டிங்டன் கணக்கில் இம்மூவரும் ஒரே நாகரிகம். ராவுத்தரும் கவுண்டரும் வெவ்வேறு நாகரிகம். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்களே, அந்த விரல்கள் எந்த நாகரிகத்தைச் சேர்ந்தவை? பேராசிரியர் சந்தைக்கு வந்திருந்தால் சற்றுத் திகைத்திருப்பார்.

இது நேற்று ஏற்பட்ட கலப்பும் அல்ல. கோவையைத் தொட்டு ஓடும் நொய்யல் ஆறு, கிழக்கே சென்னிமலைக்கு அருகில் கொடுமணல் என்ற கிராமத்தைக் கடந்து போகிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் இதுதான் என்பர். 1985 முதல் அங்கே நடந்த அகழ்வாராய்ச்சியில், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மணித் தொழிற்கூடங்கள் வெளிப்பட்டன. ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லும் குஜராத்துச் சூதுபவளமும் அங்கே வந்து பட்டை தீட்டப்பட்டிருக்கின்றன. பானை ஓடுகளில் உரிமையாளர்கள் தம் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். அவற்றுள் விசாகி, சுமணன் போன்றவை பிராகிருதப் பெயர்கள், எழுத்தோ தமிழி. வடக்கே பிறந்த பெயர், தெற்கத்திய எழுத்தில், கொங்கு நாட்டுப் பானையில்! கோவைக்கு அடுத்த வெள்ளலூரில் ரோமாபுரி வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறதே என்று முதல் நூற்றாண்டிலேயே பிளினி புலம்பியிருக்கிறார்.

பிறகு மில்கள் வந்தன. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலை முதலாவது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின, ஆட்களும் பெருகினார்கள். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை வெட்டிக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. பீகார் அரசாங்கம் அதிகாரிகள் குழுவையே அனுப்பி விசாரித்தது. படங்கள் பொய் என்று தெளிந்தது.

எல்லா நாளும் வதந்தியோடு தப்பிவிடவில்லை, கோவை. 1997 நவம்பர் 29ஆம் தேதி உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொலையுண்டார். அடுத்த இரண்டு நாட்களில் கலவரத்திலும் துப்பாக்கிப் பிரயோகத்திலும் 18 முஸ்லிம்கள் மாண்டனர், கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14ஆம் தேதி ஊர் முழுவதும் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மடிந்தனர். 200க்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

நாகரிகங்களின் மோதல் இதுதான் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் வயதைப் பாருங்கள். குண்டு வைத்ததற்காக 2007இல் தண்டிக்கப்பட்டவர்களின் அல் உம்மா இயக்கம் தோன்றியது 1993இல். எதிர்த்தரப்பில் நின்ற இந்து முன்னணி தொடங்கியது 1980இல். ராவுத்தரும் கவுண்டரும் பழகத் தொடங்கியது அதற்கெல்லாம் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால். பகைதான் இங்கே புதுக் குடித்தனம்! மில்கள் ஒவ்வொன்றாக நலிந்து, இளைஞர்கள் வேலையின்றித் திரிந்த காலத்தில் அது வந்து சேர்ந்தது என்பதையும் மறக்கலாகாது.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள். விடியுமுன் கோட்டை ஈஸ்வரன் கோயிலுக்கு எதிரே ஒரு கார் வெடித்துச் சிதறியது. காரில் இருந்தவன் இறந்தான். கால் நூற்றாண்டுக்கு முந்திய நினைவில் ஊர் நடுங்கிற்று. ஆனால் இம்முறை கடைகள் சூறையாடப்படவில்லை. யாரும் யார் வீட்டு வாசலிலும் கூடவில்லை. மறுநாள் தீபாவளி நடந்தது.

சில நாட்களில், நவம்பர் மாதத் தொடக்கத்தில், கோட்டைமேட்டு ஜமாஅத்துகளின் பிரதிநிதிகள் கோட்டை ஈஸ்வரன் கோயிலுக்குச் சென்றார்கள். பள்ளிவாசல் தெருவிலிருந்து நடந்தே போகிற தூரம்தான். கோயில் அர்ச்சகரைப் பார்த்து, தாங்கள் இத்தனை காலம் பக்கத்தில் வாழ்ந்தவர்கள், இனியும் பக்கத்திலேதான் இருக்கப் போகிறவர்கள் என்று பேசிவிட்டு வந்தார்கள்.