சொந்த மண்ணில் ஆடாத சாம்பியன்

ஹாக்கி இந்தியா லீக் என்னும் தொழில்முறைத் தொடரின் ஆடவர் பிரிவில், 2025 பிப்ரவரி 1 அன்று ரூர்கேலாவில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில், கொல்கத்தாவைச் சேர்ந்த ஷ்ராச்சி ராட் பெங்கால் டைகர்ஸ் அணி ஹைதராபாத் தூஃபான்ஸ் அணியை 4-3 என்ற கோல் கணக்கில் வென்று கோப்பையையும் மூன்று கோடி ரூபாய்ப் பரிசையும் கைப்பற்றியது. ஏழாண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் தொடங்கப்பட்ட தொடரில், இதற்கு முன் ஒருமுறையும் பங்கேற்றிராத வங்கத்தின் அணி முதல் முயற்சியிலேயே முதலிடம் பெற்றது பாராட்டுக்குரியதே. ஆயினும் அந்த அணி அப்பருவத்தில் கொல்கத்தாவில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை என்பதும், இந்திய ஹாக்கி பிறந்து வளர்ந்த நகரம் தன் பெயரால் ஆடிய அணியின் வெற்றியைத் தொலைக்காட்சித் திரையில் மட்டுமே காண நேர்ந்தது என்பதும் அவ்வெற்றியோடு சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டிய செய்திகளாகும்.

அணியின் பெயரில் உள்ள ‘ராட்’ என்பது பாகீரதி ஆற்றுக்கு மேற்கே, பாங்குரா, வீர்பூம், வர்த்தமான் முதலிய மாவட்டங்களைத் தழுவிக் கிடக்கும் செம்மண் நிலப்பகுதியின் பழம்பெயராகும். இராசேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பைக் கூறும் மெய்க்கீர்த்தியில் தக்கணலாடம், உத்திரலாடம் என்று வருபவை இப்பகுதியின் தென்பாகமும் வடபாகமுமே என்பதால், தமிழ் வாசகர்க்கு இந்நிலம் முற்றிலும் அறியாத ஒன்றன்று. ‘ஷ்ராச்சி’ என்பது அணியை வாங்கி நடத்தும் கொல்கத்தா வணிகக் குழுமத்தின் பெயர்.

தொழில்முறை விளையாட்டில் ‘பருவம்’ என்று சொல்லப்படுவது ஓர் அணி தன் தொடரைத் தொடங்கும் நாள் முதல் முடிக்கும் நாள் வரையிலான காலம். வட அமெரிக்காவின் தேசிய ஐஸ் ஹாக்கி லீகில் ஓர் அணி அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 82 லீக் ஆட்டங்களை ஆடுகிறது. அவற்றுள் சரிபாதியான 41 ஆட்டங்கள் அதன் சொந்த நகரத்து அரங்கில் நடைபெறுவதால், அந்நகரத்தார் குளிர்காலம் முழுவதையும் தம் அணியோடு கழிக்கின்றனர். இந்திய ஹாக்கியின் பருவமோ மிகவும் குறுகியது. 2024 டிசம்பர் 28 அன்று தொடங்கிய தொடரில் எட்டு ஆடவர் அணிகள் பங்கேற்றன. ஒவ்வோர் அணியும் முதற்கட்டத்தில் மற்ற ஏழு அணிகளோடும் ஒருமுறை மோதி, பின்னர் நான்கு அணிகள் கொண்ட பிரிவுக்குள் மூன்று ஆட்டங்கள் ஆடிய பின், முதல் நான்கு இடங்களைப் பெற்றவை அரையிறுதிக்குச் சென்றன. ஆகவே சாம்பியன் அணிக்குங்கூட மொத்தம் 12 ஆட்டங்களே அமைந்தன. ஆடவர் ஆட்டங்கள் பெரும்பாலும் ஒடிசாவின் ரூர்கேலாவில் உள்ள பிர்சா முண்டா அரங்கில் நடத்தப்பட்டன.

இத்தகைய குறுகிய தொடரில் அணி கட்டப்படும் முறையே பாதி வெற்றியைத் தீர்மானித்துவிடுகிறது. 2024 அக்டோபரில் டெல்லியில் நடந்த வீரர் ஏலத்தில் ஒவ்வோர் ஆடவர் அணியும் நான்கு கோடி ரூபாய் வரம்புக்குள் 24 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அவர்களுள் குறைந்தது 16 பேர் இந்தியர், அவர்களிலும் நால்வர் இளையோர் என்பது விதி. வங்க அணி அரியானாவின் சோனிபத்தைச் சேர்ந்த முன்கள வீரர் அபிஷேக்கை 72 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. கையிருப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை ஒரே வீரருக்குச் செலவிட்ட துணிவான முடிவு அது. அவருடன் முன்களத்தில் ஆடச் சுக்ஜீத் சிங்கும், தற்காப்புக்கு அனுபவமிக்க ரூபிந்தர் பால் சிங்கும், பெனால்டி கார்னருக்கு ஜுக்ராஜ் சிங்கும் சேர்ந்தனர். கோல் வாயிலைக் காக்க, பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நெதர்லாந்து அணியின் பிர்மின் ப்ளாக் வந்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை வெள்ளி வரை கொண்டு சென்ற காலின் பேட்ச் பயிற்றுநர் ஆனார். வெவ்வேறு நாட்டவரை ஓரிரு வாரங்களில் ஓர் அணியாக்க வேண்டிய நெருக்கடியில், தற்காப்பையும் பெனால்டி கார்னரையும் முதலில் உறுதி செய்துகொண்ட இத்தேர்வு மிகவும் சரியானது என்பதைத் தொடரின் போக்கே காட்டியது.

பெனால்டி கார்னர் என்பது ஹாக்கியின் பாதி என்று சொன்னாலும் மிகையாகாது. கோல் வாயிலைச் சுற்றி வரையப்பட்டுள்ள வட்டத்துக்குள் தற்காப்பு அணியினர் தவறு செய்தால் எதிரணிக்கு இவ்வாய்ப்பு கிடைக்கும். தாக்கும் அணியின் ஒருவர் கோல் கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி, கோட்டின் மேல் வைத்த பந்தை வெளியே தள்ளுவார். வட்டத்தின் விளிம்பில் நிற்கும் மற்றொருவர் அதை மட்டையால் நிறுத்தியதும், மூன்றாமவர் கோலை நோக்கி அடிப்பார். தடுப்பதற்குக் கோல்காப்பாளரோடு சேர்த்து ஐவருக்கு மட்டுமே இடமுண்டு. பந்தை ஓங்கி அடித்தால், முதல் அடி 460 மில்லிமீட்டர் உயரத்தைத் தாண்டாமல் கோல் கோட்டைக் கடக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு உள்ளது. ஆனால் பந்தை மட்டையின் வளைவில் ஏந்தி, தரையோடு இழுத்து வந்து, இடுப்பைத் திருப்பும் விசையால் வீசினால் அக்கட்டுப்பாடு கிடையாது. ‘டிராக் ஃபிளிக்’ எனப்படும் இவ்வீச்சில் வல்லவர் உடலை ஏறக்குறையத் தரையளவுக்குத் தாழ்த்தி, நீண்ட எட்டு வைத்து, கடைசிக் கணத்தில் மணிக்கட்டின் திருப்பத்தால் பந்தை எந்த மூலைக்கு அனுப்புவது என்பதை மாற்ற முடிவதால், எதிரில் நிற்கும் கோல்காப்பாளர் கண்ணால் பார்த்து முடிவெடுக்க நேரமே இருப்பதில்லை.

இக்கலையில் தேர்ந்த ஜுக்ராஜ் சிங், வாகா எல்லையை ஒட்டிய அட்டாரியில் பிறந்து, சிறுவயதில் அவ்வெல்லைக்கு வரும் பார்வையாளர்களிடம் கொடிகளும் தண்ணீர்ப் போத்தல்களும் விற்றுக் குடும்பத்துக்கு உதவியவர். 2024 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் சீனாவுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவரும் அவரே. லீக் தொடரில் அவர் 12 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றார்.

அரையிறுதியில் வங்க அணிக்கு எதிரே நின்றது தமிழ்நாடு டிராகன்ஸ். தலா 15 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள் முடிந்தபோது ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் இருந்ததால் ‘ஷூட்அவுட்’ தேவைப்பட்டது. கால்பந்தின் பெனால்டி உதைபோல அசையாப் பந்தை அடிப்பதன்று இது. 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு புறப்படும் வீரர் எட்டு வினாடிகளுக்குள், தம்மை நோக்கி முன்னேறி வரும் கோல்காப்பாளரை ஏய்த்துக் கோல் போட வேண்டும். அதில் 6-5 என்ற மயிரிழை வேறுபாட்டில் வங்கம் வென்றது. சென்னையின் அணி இறுதியை அவ்வளவு அருகில் வந்து தவறவிட்டது தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு ஏமாற்றமே என்றாலும், அத்தொடரின் மிகக் கடுமையான ஆட்டங்களுள் ஒன்றை வங்கத்துக்குக் கொடுத்தது டிராகன்ஸ் அணிதான்.

மறுநாள் இறுதி ஆட்டத்தில், ரியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவுக்காகத் தங்கமும் பின்னர் ஜெர்மனிக்காக உலகக் கோப்பையும் வென்ற கொன்சாலோ பெய்லட் முதல் கோலை அடித்து ஹைதராபாத்தை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். ஜுக்ராஜ் சிங் ஒருவரே மூன்று கோல்கள் அடித்து அதற்கு விடை சொன்னார். இறுதிக் கால்பகுதியில் நியூசிலாந்தின் சாம் லேன் அடித்த கோலே இரு அணிகளுக்கும் இடையிலான வேறுபாடாக அமைந்தது. ராஞ்சியில் நடந்த முதல் மகளிர் தொடரில் அதே பெயரில் பங்கேற்ற வங்க அணி, வீராங்கனை உதிதாவை 32 லட்சம் ரூபாய்க்கு எடுத்திருந்தும், இறுதிக்கு எட்டவில்லை.

இவ்வெற்றி கொல்கத்தாவுக்குப் புதுப்பெருமை ஒன்றைச் சேர்த்தது என்பதைவிட, மறந்துபோன பழைய பெருமையொன்றை நினைவூட்டியது என்பதே பொருந்தும். இந்தியாவின் முதல் ஹாக்கி மன்றம் 1885ஆம் ஆண்டளவில் அந்நகரத்தில் தோன்றியது. 1895இல் தொடங்கப்பட்ட பெய்ட்டன் கோப்பை உலகின் மிகப் பழைய ஹாக்கித் தொடர்களுள் ஒன்று. 1908இல் அமைந்த வங்க ஹாக்கிச் சங்கம் நாட்டிலேயே முதலாவது. இந்தியா முதன்முதலாகத் தங்கம் வென்ற 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஒரு கோலைக்கூட விட்டுக்கொடுக்காத ரிச்சர்ட் ஆலன் கல்கத்தாவில் ஆடியவர். தாம் ஆடியவற்றுள் மிகச் சிறந்த ஆட்டமாகத் தியான் சந்த் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டது எந்த ஒலிம்பிக் இறுதியையும் அன்று. கல்கத்தா கஸ்டம்ஸ் அணிக்கு எதிராகத் தம் ஜான்சி ஹீரோஸ் அணி வென்ற 1933 பெய்ட்டன் கோப்பை இறுதியைத்தான்.

அக்காலத்துக் கல்கத்தா அணிகளின் பெயர்களே அவற்றின் பின்னணியைச் சொல்லும்: சுங்கத்துறையின் கஸ்டம்ஸ், துறைமுகத்தின் போர்ட் கமிஷனர்ஸ், பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் பி.என்.ஆர். இத்துறைகளில் பணியாற்றிய ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களே ஹாக்கியின் முதுகெலும்பாக விளங்கின. பிலாஸ்பூரில் பிறந்து, கரக்பூரில் பி.என்.ஆர். அணிக்காகக் கால்பந்து ஆட வந்த லெஸ்லி கிளாடியஸ், அங்கே 1932 ஒலிம்பிக் வீரர் டிக்கி காரின் கண்ணில் பட்டு மட்டையைக் கையிலெடுத்தார். அடுத்த இரண்டே ஆண்டுகளில் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, மொத்தம் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்று, 2012இல் கொல்கத்தாவிலேயே மறைந்தார். கேசவ் தத், குர்பக்ஸ் சிங், வேஸ் பயஸ் என்று அந்நகரத்தைத் தம் ஊராக்கிக்கொண்ட ஒலிம்பிக் வீரர்களின் வரிசை நீளமானது. பெங்கால் டைகர்ஸ் கோப்பை வென்ற ரூர்கேலா, கொல்கத்தாவின் கார்டன் ரீச்சைத் தலைமையிடமாகக் கொண்ட அதே பழைய பி.என்.ஆர். இருப்புப்பாதையின் மேல்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட நகரம் பின்தங்கியதற்குக் காரணங்கள் தெளிவானவை. விடுதலைக்குப் பின் ஆங்கிலோ-இந்தியர் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர்ந்தனர். மைதான் என்று அழைக்கப்படும் நகரின் நடுவிலுள்ள பெரும்புல்வெளியில், குளிர்காலக் கிரிக்கெட்டுக்கும் மே மாதம் தொடங்கும் கால்பந்துக்கும் இடைப்பட்ட சில வாரங்களே ஹாக்கிக்குரிய காலமாக இருந்தன. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அதே தரையில் மூன்று விளையாட்டுகளையும் ஆடின. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைப் புல்தரைக்கு மாறியதும், பந்தின் வேகமும் ஆட்டத்தின் நுட்பமும் அடியோடு மாறின. டிராக் ஃபிளிக்கின் வளர்ச்சிக்கும் அந்தச் சமதளமே வழிவகுத்தது. தண்ணீர் தெளித்துப் பராமரிக்க வேண்டிய, பெருஞ்செலவு பிடிக்கும் அத்தரையை, காலால் உதைபடும் பந்துக்கென்றே வாழும் ஒரு நகரம் தனக்கு அவசியமென்று கருதவில்லை. சால்ட் லேக்கின் இந்திய விளையாட்டு ஆணைய வளாகத்தில் இருந்த செயற்கைத் தரை பயிற்சிக்கும் சிறு தொடர்களுக்கும் உதவியதேயன்றிப் பெருந்திரள் கூடும் அரங்கமாகவில்லை. மோகன் பகான் 2000ஆம் ஆண்டில் தன் ஹாக்கி அணியையே கலைத்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரே மீட்டெடுத்தது.

அதே காலத்தில் ஒடிசா தேசிய அணிகளுக்குப் புரவலராகி, 2023 உலகக் கோப்பைக்காக ரூர்கேலாவில் இருபதாயிரம் இருக்கைகள் கொண்ட அரங்கைக் கட்டி முடித்தது. தமிழ்நாடு 2023இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையையும் 2025இல் இளையோர் உலகக் கோப்பையையும் நடத்தியது. லீகின் அடுத்த பருவத்திலும் ஆடவர் ஆட்டங்கள் சென்னை, ராஞ்சி, புவனேசுவரம் ஆகிய நகரங்களுக்கே ஒதுக்கப்பட்டன. கோப்பையை வென்ற நகரத்தின் பெயர் அப்பட்டியலில் இல்லை.

இருப்பினும் நிலைமை மாறத் தொடங்கியுள்ளது. சால்ட் லேக்கில் விவேகானந்தா யுவபாரதி ஹாக்கி அரங்கம் உருவாகி, 2025ஆம் ஆண்டின் பெய்ட்டன் கோப்பை அங்கே நடத்தப்பட்டது. தொழில்முறை அணியொன்று ஏலத்தில் வீரர்களை வாங்கிக் கோப்பையை வெல்லலாம். ஆனால் பாங்குராவிலோ புருலியாவிலோ ஒரு சிறுவன் மட்டையைக் கையிலெடுக்க, ஜுக்ராஜ் சிங்கின் வீச்சை அவன் நேரில் பார்த்தாக வேண்டும். கோவில்பட்டியில் தலைமுறை தலைமுறையாக ஹாக்கி நிலைத்திருப்பதற்கு அவ்வூர் மைதானத்தில் ஆண்டுதோறும் நல்ல அணிகள் வந்து ஆடியதே காரணம். தரமான தரையும் இருக்கைகளும் கொல்கத்தாவில் அமைந்துவிட்ட நிலையில், வரும் பருவத்தின் அட்டவணையில் பெங்கால் டைகர்ஸ் அணிக்குச் சில ஆட்டங்களையாவது அந்நகரத்தில் ஒதுக்க, லீகை நடத்தும் ஹாக்கி இந்தியா அமைப்பு முன்வர வேண்டும்.