பெருந்தொகையினர் விட்டுக்கொடுத்த மொழி

ஒல்லாந்தர் என்னும் பெயர் ஈழத்துத் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி 1795 வரை ஆண்ட வணிகக் கும்பினிக்குக் கீழைத்தேயத் தலைமையிடமாக விளங்கியது யாவாத் தீவின் பத்தாவியா நகரம். அங்கே தம்மை எதிர்த்தோரைக் கும்பினியார் இலங்கைக்கு நாடுகடத்துவது வழக்கம். மத்தாராம் நாட்டு மன்னன் மூன்றாம் அமங்குராத் 1708 இல் அவ்வாறு கொண்டுவரப்பட்டு இத்தீவிலேயே உயிர்நீத்தான். ஒல்லாந்தர் இலங்கையை விட்டகன்ற பின்னரும், இடையிற் சில ஆண்டுகள் ஆங்கிலேயர் வசப்பட்டதொழிய, இந்தோனேசியத் தீவுகளில் அவராட்சி நெடுங்காலம் நீடித்தது.

அவ்வாட்சியினின்றும் இந்தோனேசியா விடுதலை பெற்ற கதையைப் பலரும் போர்களின் கதையாகவே கூறுவர். மொழியாசிரியனாகிய என் உள்ளத்தைக் கவர்ந்ததோ அவ்விடுதலைக்கு அடிகோலிய மொழித் தீர்மானமே. அதனையே ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

வீரத்துக்கு அந்நாட்டிற் குறைவிருந்ததில்லை. யாவாவில் இளவரசர் திபொநெகொரோ 1825 முதல் ஐந்தாண்டு போர் புரிந்தார். பேச்சுவார்த்தைக்கென வந்தவிடத்துச் சிறைபிடிக்கப்பட்டார். சுமாத்திராவில் மினாங்கபாவு மக்களும், பின்னர் ஆச்சே மக்களும் பல்லாண்டு பொருதனர். ஆயினும் ஒவ்வொரு நாட்டாரும் தனித்தே போராடித் தனித்தே தோற்றனர். 1830 இல் யாவா உழவர்மீது புதியதொரு முறை சுமத்தப்பட்டது. ஊர் நிலத்தில் ஐந்திலொரு பங்கிற் கரும்பும் அவுரியும் கோப்பியும் அரசுக்காக விளைவிக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையிற் சுமை அதனினும் மிகுந்தது. பொதுத் துன்பம் இருந்தும், அதனைப் பேசுதற்குப் பொது மொழி அமையவில்லை.

அம்மொழியைத் தேர்ந்தவர்கள் இளைஞர்களே. 1926 இல் நிகழ்ந்த முதலாம் இளைஞர் மாநாட்டில் முகம்மது யாமின் மலாய் மொழியை முன்மொழிந்தபோது, தப்ரானி என்பவர், நாடும் இந்தோனேசியா, மக்களும் இந்தோனேசியர், அங்ஙனமாயின் மொழிக்கும் அப்பெயரே தகும் என வாதித்தார். 1928 ஒற்றோபர் 28 இல், பத்தாவியாவிற் கூடிய இரண்டாம் மாநாடு ஒரு தாயகம், ஒரு தேசம், ஒன்றுபடுத்தும் மொழியாக இந்தோனேசியம் என உறுதிபூண்டது.

இதன் பெருமையை அறிய வேண்டின் மக்கட்டொகையை நோக்குதல் வேண்டும். யாவானிய மொழியினர் ஏறத்தாழ நாட்டிற் பாதியர். இராமாயணத்தையும் பாரதத்தையும் தன்வயமாக்கிய, ஆயிரம் ஆண்டு கடந்த இலக்கியச் செல்வம் உடையது அவர்மொழி. மலாயைத் தாய்மொழியாகக் கொண்டோரோ மிகச் சிலர். எனினும் அது துறைமுகந்தோறும் வணிகர் நாவிற் பயின்ற மொழி. நம் 'கப்பல்' அங்கே 'காப்பால்' என்றும், 'கடை' 'கெடாய்' என்றும் வழங்குவது அத்துறைமுக உறவின் சான்றாகும். மேலும், யாவானியத்தில் 'உண்' என்னும் வினைக்கே கேட்போர் தகுதிக்கேற்ப வெவ்வேறு சொற்கள் உள. மலாயில் அத்துணை ஏற்றத்தாழ்வு இல்லை. சமத்துவம் நாடிய இளைஞர்க்கு அது உவப்பாயிற்று. யாவானிய இளைஞரும் தம் மொழியே ஆள வேண்டுமென வற்புறுத்தாது இதற்கு இசைந்தனர். எண்ணிக்கை தம் பக்கம் இருக்கவும் அதனைப் படைக்கலமாகக் கொள்ளாமையே அவர்தம் பெருந்தன்மை என்பது என் துணிபு.

1942 இல் வந்த யப்பானியர் ஒல்லாந்த மொழியை விலக்கவே, பள்ளியிலும் அலுவலகத்திலும் இந்தோனேசிய மொழி வேரூன்றியது. அவர்கள் சரணடைந்த சின்னாளில், 1945 ஓகத்து 17 அன்று, யாவாவைச் சேர்ந்த சுகர்ணோவும் சுமாத்திராவைச் சேர்ந்த ஹத்தாவும் விடுதலையைப் பிரகடனஞ் செய்தது அம்மொழியிலேயே. மறுநாள் ஏற்கப்பட்ட அரசியலமைப்பின் 36 ஆம் உறுப்புரை அதனை அரச மொழியாக்கியது. பிரதேச மொழிகளையும் அரசு மதித்துப் பேணும் என அதன் விளக்கவுரை உறுதியளித்தது. ஒல்லாந்தர் 1947 இலும் 1948 இலும் படையெடுத்தனர்; ஈற்றில் 1949 திசெம்பர் 27 இல் இறைமையைக் கையளித்தனர். 1945 ஆம் ஆண்டுத் திகதியே விடுதலை நாள் என ஒல்லாந்தப் பிரதமர் முழுமையாக ஏற்றுக்கொண்டதோ 2023 இலே தான்.

மொழியொருமை எல்லாப் பிணிக்கும் மருந்தாயிற்று என யான் கூறவில்லை. 1965 இலும் அதனையடுத்தும் அந்நாட்டவர் தம்முள்ளேயே சிந்திய குருதி பெரிது. யாவானியராய்ப் பிறந்து இந்தோனேசிய மொழியில் எழுதிய பெருநாவலாசிரியர் பிரமூதியா, அவ்வரசாற் புரு தீவில் 1979 வரை சிறையிருந்தார். சிறு மொழிகள் சில இன்று தேய்ந்தும் வருகின்றன. ஆயினும் அரச மொழி எது என்னும் வினா அந்நாட்டைப் பிளக்கவில்லை. பன்மொழி வழங்கும் நாடுகளில் வாழும் மாணவர்கள் திபொநெகொரோவின் வாளைப் படிக்குங்கால், 1928 இல் யாவானிய இளைஞர் காட்டிய விட்டுக்கொடுப்பையும் உடன்வைத்துப் படிப்பார்களாக.