கூரையில ஏற்கனவே ஒரு பேனல் இருக்கு, இன்னொண்ணு சேர்த்தா ஃபேன் ஓடுமா?

உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியா கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. ஒரே மாதிரி சின்னச் சின்ன கான்கிரீட் வீடுகள். சிலதுல மொட்டை மாடியில் ஒரு சின்ன சோலார் பேனல் இருக்கும். 2011-ல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் கட்டின வீடுகள் அவை. 300 சதுர அடி வீடு, அதோடு சோலாரில் எரியும் ஐந்து விளக்கு. பேனலும் பேட்டரியும் வீட்டோடேயே வந்துவிட்டன, யாரும் தேடிப்போய் வாங்கவில்லை.

அமெரிக்காவில் காரின் பின்னால் இழுத்துப்போகும் கேரவன் வண்டிகளிலும் இதே கதைதான். கம்பெனியிலேயே கூரையில் ஒரு சின்ன பேனல் போட்டுத் தருகிறார்கள். வாங்கினவர் முதலில் கேட்பது, "இதுல ஏசி ஓடுமா?" நம்ம ஊரில் அதுவே "இதுல ஃபேன் ஓடுமா?" என்று வரும். ஓடாது. அடுத்த கேள்வி, "சரி, இன்னொரு பேனல் வாங்கிப் போட்டா?" இதுக்குத்தான் அவசரப்பட்டு பதில் சொல்லக்கூடாது. பொறியியல் படிக்கிற பிள்ளை என்று தெரிந்தால் சொந்தக்காரங்க நம்மகிட்டதான் வந்து நிப்பாங்க, அதனால கணக்கைத் தெரிஞ்சு வெச்சுக்கலாம்.

பேனலின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 40 வாட், 18 வோல்ட், 2.2 ஆம்பியர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த 40 வாட் ஆய்வகத்தில், செல்லின் வெப்பம் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. காஞ்சிபுரத்து மே மாத மத்தியானத்தில் செல் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் போகும். வெயில் ஜாஸ்தின்னா கரன்ட் ஜாஸ்தின்னு நினைச்சா, பாதிதான் உண்மை. வெளிச்சம் உதவுது, சூடு பிடுங்குது.

நம்ம பகுதியில் ஒரு நாளைக்கு முழுத் திறனுக்குச் சமமாகக் கிடைக்கும் வெயில் தோராயமாக 5 மணி நேரம். 40-ஐ 5-ஆல் பெருக்கினால் 200 வாட் அவர். சூடு, தூசி, கன்ட்ரோலர், பேட்டரி எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு கைக்கு வருவது 125-ஐ ஒட்டி. 5 வாட் எல்இடி ஐந்து, நான்கு மணி நேரம் எரிந்தால் 100. ஆக, கொடுத்த வேலைக்கு இந்த பேனல் சரியான அளவுதான். யாரும் ஏமாற்றவில்லை.

இப்போ ஃபேன். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், அதுக்கு இன்வெர்ட்டரும் வேணும். அதை விடுங்க. 12 வோல்ட்டில் நேராக ஓடும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குள் முடியும். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் 240. விளக்கோடு சேர்த்து 340. இதுக்கு சுமார் 110 வாட் பேனல் தேவை. இருக்கிற 40-ஓடு ஒரு 75 சேர்த்தால் கணக்கு முடிஞ்சுதுன்னு தோணும்.

முடியலை. பழைய பேனலை விட, அதுக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பெட்டியைப் பாருங்க. அதுதான் சார்ஜ் கன்ட்ரோலர். அதில் 5 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், இரண்டு பேனலும் சேர்ந்து 6.4 ஆம்பியர் கொடுக்கும்போது அது தாங்காது. 10 ஆம்பியராவது மாற்றணும். இரண்டு பேனலையும் பக்க இணைப்பில்தான் போடணும், இரண்டும் 12 வோல்ட் வகையாக, அதாவது 36 செல் உள்ளதாக இருக்கணும். தொடர் இணைப்பில் போட்டால் பெரிய பேனலும் சின்னதின் 2.2 ஆம்பியருக்கு இறங்கிடும்.

இதை விடப் பெரிய பொறி ஒண்ணு இருக்கு. "330 வாட் பேனல் விலை மலிவா கிடைக்குது, அதையே போட்டுடலாமே" என்பார்கள். அது 37 வோல்ட், 8.9 ஆம்பியர் சமாசாரம். சாதாரண பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பேனலை பேட்டரியின் வோல்ட்டேஜுக்கே இழுத்து வந்துவிடும். 13 வோல்ட், 8.9 ஆம்பியர், பெருக்கினால் 116 வாட். வாங்கினது 330, கிடைப்பது 116! மீதியைப் பிடிக்க எம்பிபிடி கன்ட்ரோலர் வேண்டும். அது உபரி வோல்ட்டேஜை ஆம்பியராக மாற்றித் தரும், விலையும் கூட.

அடுத்தது ஒயர். யாரும் கண்டுக்காத ஆள். மாடியிலிருந்து பேட்டரி வரை 10 மீட்டர் என்றால் போக வர 20 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் 6.4 ஆம்பியர் போனால் ஒன்றரை வோல்ட் வழியிலேயே கரையும். வீட்டு 230 வோல்ட்டில் அது தூசு. இங்கே அப்படி இல்லை. மே மாதச் சூட்டில் அந்த 18 வோல்ட் பேனல் 15.3-க்கு இறங்கியிருக்கும். பேட்டரி முழுசா நிரம்ப 14.4 வேணும். ஒயரில் போகிற ஒன்றரையையும் கூட்டிப் பாருங்க, 15.9. நல்ல வெயில் காலத்தில் பேட்டரி நிரம்பவே மாட்டேங்குதுன்னு சொல்றவங்க வீட்டில் பல நேரம் நடப்பது இதுதான். 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.6 வோல்ட்டுக்கு வந்துடும்.

பேட்டரிக்கு வருவோம். 340 வாட் அவரை 12-ஆல் வகுத்தால் 28 ஆம்பியர் அவர். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுசு குறையும், அதனால் ஒரு ராத்திரிக்கே 57 வேணும். ஐப்பசி மழையில் இரண்டு நாள் வெயில் வராட்டி, நூறுக்கு மேல். பழைய பேட்டரியோடு புதுசை ஜோடி சேர்க்காதீங்க, பழசு புதுசையும் தன் நிலைக்கு இழுத்துடும். லித்தியம் போடுவதாக இருந்தால் கன்ட்ரோலரில் அதுக்கான செட்டிங் இருக்கான்னு முதலில் பார்க்கணும்.

இவ்வளவு செலவும் எதுக்கு? இதில்தான் காஞ்சிபுரத்துக் கணக்கு வேற மாதிரி. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 300 ஆனது. நாம் இப்போது போட்ட ஃபேனும் விளக்கும் இரண்டு மாதத்தில் சாப்பிடுவது சுமார் 20 யூனிட். பில்லைக் குறைக்கிறேன் என்று சோலாரைப் பெரிசாக்கினால் போட்ட காசு திரும்பவே திரும்பாது. கரன்ட் போகும்போது வேலை நிற்காமல் இருக்க வேண்டும் என்றால் கதை வேறு. குழித்தறியில் உட்கார்ந்து கோர்வை போடுகிறவருக்குக் கூலி புடவைக் கணக்கில்தான், மணிக்கணக்கில் இல்லை. சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் இருட்டினால் அது அவர் தலையில்தான் விழும். அவருக்கு ஃபேனை விட, தறிக்கு நேர் மேலே நல்ல 9 வாட் விளக்கு ஒண்ணு போதும். அதுக்குப் பேனலையே மாற்ற வேண்டாம். இந்தத் திட்டத்தில் முதலில் போட்டது சிஎஃப்எல் விளக்குகள். அவற்றை எல்இடியாக மாற்றினால் பாதி மின்சாரம் மிச்சம், தறி விளக்கு அந்த மிச்சத்திலேயே எரியும். வாங்கும் முன் பழைய விளக்கு 12 வோல்ட் டிசியா, 230 வோல்ட்டா என்று மட்டும் பார்த்துக்கணும்.

2024-ல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டே, அதில் சேர்ந்துடலாமேன்னு கேட்பீங்க. அது மின்வாரிய லைனோடு இணைகிற வகை. பேட்டரி இல்லாத அந்த அமைப்பு, லைனில் கரன்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் மேல் ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். நம்ம நெசவாளரின் இருட்டுக்கு அது மருந்து ஆகாது.

செலவே இல்லாத வேலை ரெண்டு இருக்கு. பேனலை ஈரத்துணியால் துடைப்பது, காலையிலேயே, சூடேறும் முன். அப்புறம், மேலே சாயும் தென்னங்கீற்றை வெட்டுவது. 36 செல்லும் ஒரே சங்கிலி, ஒரு செல் மேல் நிழல் விழுந்தாலும் மொத்தக் கரன்ட்டும் இறங்கும். பேனல் தெற்கு பார்த்து 13 டிகிரி சாய்ந்திருக்கான்னும் அப்படியே பாத்துடுங்க, நம்ம ஊர் அட்சரேகை அதுதான்.

கன்ட்ரோலரை மாற்றும்போது முதலில் பேனல் ஒயரைக் கழற்றணும், அப்புறம் பேட்டரி. மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் கடைசியில். பேட்டரியின் பிளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு ஃபியூஸ் போடுங்க. அது இல்லாத வீட்டில் ஒயரில் கை வைக்காதீங்க, 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனா ஷார்ட் ஆனா தீப்பிடிக்கும்.