பின்னால் அகல டயர், முன்னால் நீண்ட ஃபோர்க்: க்ரூஸர் பைக்கை மாற்றினால் என்ன ஆகும்?

மீட்டியர், அவெஞ்சர், சூப்பர் மீட்டியர் மாதிரி ஒரு க்ரூஸர் பைக்கை வாங்கிய கொஞ்ச நாளிலேயே பலருக்கும் இரண்டு ஆசை வரும். பின் டயர் நல்லா கொழுகொழுன்னு அகலமா இருக்கணும். முன்சக்கரம் எஞ்சினை விட்டுத் தள்ளி, காலை நீட்டிப் படுத்த மாதிரி முன்னால் நிற்கணும். வெளிநாட்டு சாப்பர் பைக்குகளின் வீடியோக்களைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது!

சீட், சைலன்ஸர், ஸ்டிக்கர் மாதிரி இதுவும் தோற்றம்தானே என்று நினைத்துத்தான் பலர் ஷெட்டுக்குப் போகிறார்கள். ஆனால் பைக் எப்படி நேராக ஓடும், எப்படி வளையும் என்பதைத் தீர்மானிக்கும் அளவுகளில்தான் இந்த இரண்டு மாற்றங்களும் கை வைக்கின்றன.

சாப்பர் எங்கிருந்து வந்தது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில், கனமான ஹார்லி பைக்குகளில் தேவையில்லாத பாகங்களைக் கழற்றி எறிந்து எடையைக் குறைக்கும் பழக்கம் பரவியது. பிறகு பாகங்களைக் கழற்றுவதோடு நிற்காமல் ஃப்ரேமையே வெட்டி ஒட்ட ஆரம்பித்தார்கள். 1969இல் வெளியான 'ஈஸி ரைடர்' படம் இந்த வடிவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அந்தப் படத்தின் பைக்குகளை உருவாக்கியதில் முக்கியப் பங்கு பென் ஹார்டி, கிளிஃப் வாஸ் என்ற இரண்டு கறுப்பினத்தவர்களுடையது. அவர்கள் பெயர் வெளியே தெரிய ரொம்ப காலம் ஆனது என்பது தனிக் கதை.

ரேக் வேறு, ட்ரெயில் வேறு

ஹேண்டில்பார் திரும்பும் அச்சு, அதாவது கோன் செட் உட்கார்ந்திருக்கும் ஃப்ரேமின் கழுத்துக் குழாய், செங்குத்தில் இருந்து எத்தனை டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது என்பதுதான் ரேக். சாய்வு கூடக் கூட முன்சக்கரம் முன்னால் போகும்.

ட்ரெயில் என்பது வேறு. அதே அச்சை ஒரு கோடாக நீட்டினால் தரையில் ஓர் இடத்தில் தொடும். டயர் தரையைத் தொடுவது அதற்குக் கொஞ்சம் பின்னால். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் ட்ரெயில். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். நாம் தள்ளும் திசைக்கு அது தானாகத் திரும்பிப் பின்னால் இழுபட்டுக்கொண்டே வருமே, அதே வேலையைத்தான் பைக்கில் ட்ரெயில் செய்கிறது. சாலையில் பைக் நேராக நிற்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பெரும்பாலான பைக்குகளில் இது 90 முதல் 150 மி.மீ.க்குள் இருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். முன்சக்கரத்தின் ஆரம் 330 மி.மீ., அச்சுக்கும் ஃபோர்க்குக்கும் உள்ள இடைவெளி 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ரேக் 26 டிகிரி என்றால் ட்ரெயில் சுமார் 105 மி.மீ. கழுத்தை வெட்டி 32 டிகிரிக்குச் சாய்த்தால் 147. 38 டிகிரி என்றால் 194! நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது தண்டவாளத்தில் போகிற மாதிரி இருக்கும். ஆனால் பாலத்துக்கு அடியில் யூ-டர்ன் போடும்போது ஹேண்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழப் பார்க்கும். 26 டிகிரியில் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இந்தச் சாயும் குணம் கூடிவிடுகிறது. வீல்பேஸும் நீளும் என்பதால் திரும்ப இடமும் அதிகம் வேண்டும்.

அதே 6 டிகிரி, நேர் எதிர் விளைவு

ஃப்ரேமை வெட்ட வேண்டாம், டி-ஸ்டெம்மை மட்டும் மாற்றி ஃபோர்க்கைச் சாய்த்துவிடலாம் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். செலவு கம்மி, பார்க்கவும் அதே மாதிரிதான் இருக்கும். உண்மையான ஆபத்து இதில்தான் இருக்கிறது.

டி-ஸ்டெம்மில் சாய்வு கொடுத்தால் திரும்பும் அச்சு பழைய 26 டிகிரியிலேயே நிற்கும், சக்கரம் மட்டும் முன்னால் போகும். அதனால் ட்ரெயில் கூடாது, குறையும். மேலே சொன்ன அதே பைக்கில் ஃபோர்க்கின் நீளம் 600 மி.மீ. என்று வைத்து 6 டிகிரி சாய்த்தால், 105 மி.மீ. ட்ரெயில் கிட்டத்தட்ட 36 மி.மீ.க்கு இறங்கிவிடும். ஹேண்டில் லேசாகத் தெரியும், ஊருக்குள் ஓட்ட ஜாலியாகக்கூட இருக்கலாம். 80, 90 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஹேண்டில் படபடவென்று ஆட ஆரம்பிக்கும், தானாக நேருக்கு வர வைக்கும் விசை போதாது. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டு பைக்கும் ஒன்றுதான். ஓடும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

விவரம் தெரிந்த சாப்பர் தயாரிப்பாளர்கள் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துவார்கள். கழுத்தைச் சாய்ப்பதால் எகிறிய ட்ரெயிலை, டி-ஸ்டெம்மில் சில டிகிரி கொடுத்துக் கீழே இறக்குவார்கள். தொழிற்சாலையிலேயே இந்த வடிவத்தில் வரும் ஹார்லி டேவிட்சன் பிரேக்அவுட்டில் ரேக் 34 டிகிரி, ட்ரெயில் 145 மி.மீ. பின் டயர் 240 மி.மீ. அகலம். அந்த அளவுகளுக்காகவே ஃப்ரேம், ஸ்விங் ஆர்ம், பெல்ட் எல்லாம் வரைந்து செய்யப்பட்ட வண்டி அது.

டயர்: ஒரு சைஸ் கூட்டினால் என்ன?

மீட்டியர் 350இன் பின் டயர் 140/70-17. சூப்பர் மீட்டியர் 650க்கு 150/80-16. 140 இருக்கிற இடத்தில் 150 போட்டால் பக்கத்துக்கு 5 மி.மீ.தானே கூடும் என்று தோன்றும். அந்த 5 மி.மீ.க்குள் செயின் இருக்கிறதா, ஸ்விங் ஆர்ம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதோடு வேகத்தில் டயர் கொஞ்சம் விரியும், பின்னால் ஆள் உட்கார்ந்தால் மட்கார்டு கீழே இறங்கும்.

அடுத்தது ரிம். ஒவ்வொரு டயருக்கும் இத்தனை அங்குல ரிம்தான் என்று ஒரு வரம்பு உண்டு. குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு டயர் பலூன் மாதிரி உருண்டுவிடும். அகலத்துக்காகக் காசு கொடுத்து, நடுவில் ஒரு பட்டை மட்டும் தேயும் டயரை வாங்கிய கதைதான்.

உயரமும் மாறும். 140/70-17 டயரின் மொத்த விட்டம் சுமார் 628 மி.மீ. 150/70-17 போட்டால் 642. இரண்டு சதவீதம்தான் வித்தியாசம். ஆனால் இன்னும் பெரிதாகப் போனால் முன், பின் சக்கர வேகங்களை வைத்து வேலை செய்யும் ஏ.பி.எஸ்.ஸின் கணக்கு கலையும்.

ஓட்டும்போது தெரிவது வேறு. அகல டயர் சாயும்போது தரையைத் தொடும் இடம் நடுவில் இருந்து பக்கவாட்டில் ரொம்ப தள்ளிப் போகும். அதனால் அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க பைக்கை இன்னும் அதிகமாகச் சாய்க்க வேண்டும். க்ரூஸர் ஏற்கெனவே தாழ்வான வண்டி, ஃபுட்ரெஸ்ட் சீக்கிரமே தரையைத் தேய்க்கும். பின்னால் மட்டும் அகலம், முன்னால் ஒல்லி என்றால் வளைவில் இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி சாய மறுக்கும். தார் போடுவதற்காகச் சாலையைச் சுரண்டி வைத்திருக்கும் இடங்களில் இது இன்னும் நன்றாகத் தெரியும். கோடு கோடாக இருக்கும் அந்தத் தரையில் அகல டயர் தன் இஷ்டத்துக்கு இழுக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்த மூல விவரங்களில் இருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவில் இருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆர்.சி.யில் வீல்பேஸும் ஒரு விவரம். ரேக்கை மாற்றினால் அது தானாகவே மாறிவிடும். அதைவிடச் சிக்கல், பல பைக்குகளில் சேசிஸ் எண் பொறிக்கப்பட்டிருப்பது அந்தக் கழுத்துப் பகுதியில்தான். அங்கே வெட்டி வெல்டிங் செய்த வண்டியை விற்கப் போனாலும், திருட்டு வண்டி சோதனையில் மாட்டினாலும் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு க்ளெய்மை மறுக்கவும் காரணமாகலாம்.

தோற்றம்தான் வேண்டும் என்றால், ரிம்முக்கு உற்பத்தியாளர் அனுமதிக்கும் டயர் அளவுக்குள்ளேயே நில்லுங்கள். ஏற்கெனவே மாற்றிய பழைய பைக்கை வாங்கப் போகிறீர்களா? ஒரு தூக்குக்குண்டும் நீளமான நேர் கம்பியும் போதும். பைக்கை நேராக நிறுத்தி, ஆக்சிலில் இருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் ஒரு புள்ளி வையுங்கள். ஃபோர்க்கைப் பார்க்காமல், கழுத்துக் குழாயின் சாய்விலேயே கம்பியைப் பிடித்துத் தரைவரை நீட்டி அங்கே இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் ட்ரெயில். நான்கு விரல் அகலம்கூட இல்லையென்றால், அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.