சிமுலேட்டருக்கும் லைசென்ஸ் உண்டு!

இந்தியாவில் ஏ320 விமானத்தைப் பல ஆயிரம் மணி நேரம் ஓட்டிய கேப்டனாகவே இருக்கட்டும். ஐரோப்பிய நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்து அங்கே போனால், அங்கு பதிவான ஏ320-ஐ ஓட்ட அவருடைய இந்திய லைசென்ஸ் போதாது. 13 பாடங்களில் எழுத்துத் தேர்வு, முதல் நிலை மருத்துவச் சான்று, ஆங்கிலத் தேர்ச்சி எல்லாம் முடித்து, கடைசியாக ஒரு தேர்வாளர் முன்னால் விமானத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த ஓட்டுத் தேர்வு பெரும்பாலும் சிமுலேட்டரில்தான் நடக்கும். பணம் கொடுத்தால் வாடகைக்குச் சிமுலேட்டர் கிடைத்துவிடும். அதில் ஓட்டிக் காட்டிய தேர்வு செல்லுமா என்பதுதான் கேள்வி.

இந்தச் சிக்கலின் வேர் 1944-ல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையில் இருக்கிறது. விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாடு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட லைசென்ஸ் விமானியிடம் இருக்க வேண்டும் என்கிறது அதன் 32-வது பிரிவு. லைசென்ஸைக் கொடுக்கும் நாடு, அதற்கான தேர்வு நடந்த இயந்திரத்தையும் தானே சரிபார்க்க நினைக்கிறது.

உடலை ஏமாற்றும் இயந்திரம்

பெரிய சிமுலேட்டர் ஆறு கால்களில் நிற்கும் ஒரு கூண்டு. உள்ளே நிஜமான காக்பிட். ஓடுபாதையில் வேகம் எடுக்கும் கட்டம் வந்ததும், கூண்டு மெல்லப் பின்பக்கமாகச் சாய்கிறது. புவியீர்ப்பு விமானியை இருக்கையோடு அழுத்துகிறது. எதிரே திரையில் ஓடுபாதை பறக்கிறது. நின்ற இடத்திலேயே நிற்கிறோம் என்பதை மூளை மறந்து, முன்னே பாய்வதாக நம்பிவிடுகிறது.

இந்த ஏமாற்று வேலை துல்லியமாக இருந்தாக வேண்டும். கையை அசைத்ததற்கும் காட்சி மாறுவதற்கும் இடையே ஒரு நொடியில் சிறு பங்கு கூடுதலாகத் தாமதித்தாலும், விமானி தவறான பழக்கத்தைக் கற்றுக்கொண்டு வெளியே வருவார். அதனால் நிஜ விமானம் பறந்தபோது பதிவான தரவுகளோடு சிமுலேட்டரின் நடத்தையை ஒப்பிட்டுப் பார்த்து, ஏ, பி, சி, டி என்று தரம் பிரிக்கிறார்கள். ‘டி’தான் உச்சம். ஒருமுறை தரம் வாங்கினால் முடிந்தது என்றும் இல்லை. ஒப்பீட்டுச் சோதனைகளைத் தொடர்ந்து செய்து தரத்தைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும். சான்றிதழில் விமானத்தின் வகை, எந்த இன்ஜின், என்ன தரம், என்னென்ன வரம்புகள் என்று எல்லாம் எழுதியிருக்கும்.

அதிராத கைப்பிடி

‘வெறும் காகிதச் சடங்கு’ என்று இதை அலுத்துக்கொள்கிறவர்கள் 2022 ஏப்ரலில் நம் நாட்டில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். ஸ்பைஸ்ஜெட் விமான நிறுவனத்தின் 90 விமானிகள் போயிங் 737 மேக்ஸ் ஓட்டக் கூடாது என்று இந்திய விமானப் போக்குவரத்து ஆணையமான டிஜிசிஏ தடுத்தது. அவர்கள் பயிற்சி பெற்ற சிமுலேட்டரில் ‘ஸ்டிக் ஷேக்கர்’ வேலை செய்யவில்லை. அவர்கள் மறுபயிற்சி பெற வேண்டியிருந்தது. மே மாதம் நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதமும் விழுந்தது.

விமானம் தூக்குவிசை இழந்து விழப்போகும் நிலையை நெருங்கும்போது, விமானியின் கையில் இருக்கும் கைப்பிடியை ஒரு மோட்டார் கடகடவென்று உலுக்கும். அதுதான் ஸ்டிக் ஷேக்கர். 2018-ல் இந்தோனேசியாவிலும் 2019-ல் எத்தியோப்பியாவிலும் விழுந்து 346 உயிர்களைப் பறித்த இரண்டு 737 மேக்ஸ் விமானங்களிலும், பழுதான சென்சாரின் தவறான தகவலால் கேப்டனின் கைப்பிடி இப்படித்தான் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வுக்கு நடுவே நிதானமாக யோசிக்கப் பழக வேண்டிய இடம் சிமுலேட்டர்தான். அங்கே கைப்பிடி அதிராவிட்டால், பயிற்சியில் ஓட்டை விழுந்துவிட்டது என்றுதான் அர்த்தம். டிஜிசிஏ எடுத்த முடிவில் துளியும் மிகை இல்லை.

ஒரே கூண்டு, இரண்டு சான்று

ஆனால் இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லாமல், அரசியல் எல்லை மாறியதற்காகவே விமானிகள் அலைய நேர்ந்ததும் உண்டு. 2020 டிசம்பர் 31 வரை பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் விமான விதிகளில் ஒரே குடும்பம். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு லைசென்ஸ் இரண்டானது. அதுவரை இரு தரப்புக்கும் பொருந்திய சிமுலேட்டருக்கு, பிரிட்டனின் சான்று தனியாகவும் ஐரோப்பாவின் சான்று தனியாகவும் தேவைப்பட்டன. இரண்டு லைசென்ஸையும் கையில் வைத்திருக்க நினைக்கும் விமானி, இரண்டு சான்றும் உள்ள கூண்டையும் இரு தரப்பும் ஏற்கும் தேர்வாளரையும் தேட வேண்டும். வெளிநாட்டிலிருந்து இந்தியா திரும்புகிறவருக்கும் இதே கதைதான்: டிஜிசிஏ ஏற்காத சிமுலேட்டரில் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் கணக்கில் சேராது.

வாடகை மணிக்குச் சில நூறு யூரோ. ஒரு அமர்வு வழக்கமாக நான்கு மணி நேரம். கடன் வாங்கிப் படித்த பிள்ளைகளுக்கு இதில் ஒரு தவறு பெரிய அடி. ஆகவே, முன்பணம் கட்டும் முன் நான்கு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள். சிமுலேட்டரின் சான்றிதழ் நகலை வாங்கி, அதை வழங்கிய ஆணையம் எது, எந்தத் தேதிவரை செல்லும், உங்கள் விமான வகைக்கும் இன்ஜினுக்கும் பொருந்துமா என்று பாருங்கள். பயிற்சி நிறுவனத்துக்கு அந்தச் சிமுலேட்டரைப் பயன்படுத்த அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். தேர்வாளரை உங்களுக்கு லைசென்ஸ் தரப்போகும் ஆணையம் ஏற்குமா என்று தெரிந்துகொள்ளுங்கள். இவை மூன்றையும் குறிப்பிட்டு அந்த ஆணையத்துக்கே எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். ‘எல்லாரும் இங்கேதான் சார் செய்கிறார்கள்’ என்ற வாய்ச்சொல் ஆணையத்தின் மேசையில் செல்லாது. ஐரோப்பிய விதிப்படி ஓட்டுத் தேர்வின் எல்லாப் பகுதிகளையும் ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

விமானியைச் சோதிப்பதில் ஒவ்வொரு நாடும் கறாராக இருக்கட்டும். அது பயணியின் உரிமை. ஆனால் ஒரு நேர்மையான ஆணையம் தரவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த இயந்திரத்தை, இன்னொரு நேர்மையான ஆணையம் முதலிலிருந்து சந்தேகிப்பதால் பாதுகாப்பு கூடுவதில்லை, செலவுதான் கூடுகிறது. சிமுலேட்டர்களின் தரத்தை அளக்க உலக விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ பொதுவான அளவுகோலை வகுத்து வைத்திருக்கிறது. அதை அடிப்படையாக வைத்து, இயந்திரங்களின் சான்றையாவது நாடுகள் பரஸ்பரம் ஏற்க வேண்டும். உலகெங்கும் விமானிகளை அனுப்பும் இந்தியா அந்தப் பேச்சை முன்னின்று தொடங்கலாம்.